கேசிங்

முதுகில் ஓர் ஊசி.
இடுப்புக்குக் கீழே இருந்த ஆளை
யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
நடுவில் பச்சைத் துணி.
அந்தப் பக்கம் என் வலது கால்
பூட்ஸ் மாட்டி இழுத்துக் கட்டியிருக்கிறதாம்.

மல்லசமுத்திரத்தில் ரிக்கு ஏணியில்
சேற்றுக்கால் வழுக்கியது.
பதினாறு அடி.
இடுப்புக்கு நாலு விரக்கடை கீழே, தொடைக்குள்
மரவள்ளிக் குச்சி ஒடிகிற சத்தம்.
சுக்ராம்தான் ஓடிப்போய் கம்ப்ரசரை நிறுத்தினான்.
நின்ற பிறகுதான்
என் கூப்பாடு எனக்கே கேட்டது.

இப்போது திருச்செங்கோட்டில், ஏசிக் குளிரில்,
தெரிந்த சத்தம் ஒன்று கேட்கிறது.
முதலில் மெல்லிசுக் கம்பி, வழி பார்க்க.
பிறகு பிட்டு.
ஒன்பது, ஒன்பதரை, பத்து என்று
டாக்டர் இளமுருகு கேட்கக் கேட்க
சிஸ்டர் எடுத்துக் கொடுக்கிறாள்.
ஆறரை இஞ்சில் இருபத்திரண்டு வருசம் ஓட்டினவன்.
காதாலேயே சொல்லுவேன்:
மேலே மொரம்பு, கீழே வெள்ளைக்கல்,
இதோ பிடிக்கிறது, இதோ விட்டுவிட்டது.

"என்னங்க டாக்டர் வருது,
புகையா, ஈரமா?"

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.
"ஈரந்தானுங்க."

என் சொந்தக் காட்டில் ஆயிரத்து நூறு அடி.
அம்பத்தஞ்சு ராடு இறக்கியும் வெறும் புகை.
தங்காயி முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டு
கடைசி ராடு மேலே ஏறும்வரை நின்றாள்.
எனக்குள்ளே மட்டும்
ஒரு சாண் போகுமுன்னே ஈரமாம்.

மயக்க டாக்டரம்மா திரையைக் காட்டினார்.
சாம்பல் நிறத் தொடைக்குள்
கறுப்பாய் ஒரு குழாய் இறங்குகிறது.
இடுப்பு மூட்டின் பந்துக்குச் சாய்வாக ஒரு பெரிய திருகு.
முட்டிக்கு மேலே சின்னதாய் இரண்டு.

"பின்னாடி கழட்டணுங்களா?"
"தொந்தரவு இல்லாட்டி இருக்கட்டுங்க."
தண்ணி வந்த குழியில்
நாங்களும் கேசிங்கை உருவுவதில்லை.

தையல் போடும்போது டாக்டர் கேட்டார்:
"சங்ககிரி ரோட்டுல எனக்கொரு போருங்க.
எண்ணூறடி. மூணு மாசமா
கலங்கலாத்தான் வருது.
இன்னும் ஆழம் போலாங்களா?"

"ஆழத்துல ஒண்ணுமில்லீங்க.
மேல மண்ணு சரியுது.
கேசிங் எத்தனையடி போட்டீங்க?"

ஊசி நின்றது.
"நாப்பதுங்க."

"பத்தாதுங்க" என்றேன்,
மல்லாந்து கிடந்தபடி,
இன்னும் திரும்பி வராத கட்டைவிரலை
அசைத்துப் பார்த்துக்கொண்டு.