வரி அறுநூற்று நாற்பது

ஆயிரத்து நூற்றுப் பதினேழு குறிப்புகளில்
ஏறியது மூன்று.
மிச்சத்துக்கு வேதாகம மென்பொருள் சொன்ன காரணம்:
வசனம் அறியப்படவில்லை.

வூப்பர்டாலில் மழை. சன்னலுக்கு நேரே
தொங்குரயில் ஆடிக்கொண்டு போகிறது.
இரவு வேலை முடிந்து வந்து
சப்பாத்தும் கழற்றாமல் கோப்பைத் திறக்கிறேன்.

பிழை என்னுடையதுதான்.
பதினொரு வருடம் ஜெர்மன் சபையில் இருந்து
அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் நடுவே
அவர்களைப் போலவே காற்புள்ளி போடப் பழகிவிட்டேன்.
இதற்கு வேண்டியது முக்காற்புள்ளி.
காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வரியை வெட்டி
அடுத்த கட்டத்தில் எறிந்திருக்கிறது.
ஏறிய மூன்றிலும் ஒன்று,
பஞ்ச காலத்துக்கு எழுதியது,
கலியாணப் பந்தியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஞானரூபன் தொலைபேசியில்:
"கண்டுபிடி, மாற்று. ஒரு நிமிட வேலை அக்கா."
மாற்றினேன்.
என் வாக்கியங்களின் காற்புள்ளிகளும் சேர்ந்து மாறின.
மூச்சு விட்ட இடமெல்லாம் இப்போது
ஏதோ சொல்லப் போவதுபோல் நிற்கிறது.

ஒவ்வொன்றாய்த் திருத்தி
பத்தரைக்கு எல்லாம் ஏறிற்று.
ஒன்று தவிர.

"அறை பன்னிரண்டு. திருமதி க்ளோப்பல்
என் கையை விடவில்லை.
நாலு மணிக்கு விட்டார்."

அன்று வசனம் எதுவும் எழுதி வைக்கவில்லை.
எங்கே வைக்க, என்று கேட்கிறது திரை.
ஏதாவதொரு சங்கீதத்தின் எண்ணைக் கொடுத்தால்
பேசாமல் வாங்கிக்கொள்ளும்.
கொடுக்கலாம்.

'தவிர்' என்ற பொத்தானில் அம்புக்குறி நிற்க,
குனிந்து
சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கிறேன்.