வராதவர் பட்டியல்

மல்லாவி ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப்
போன புதன்கிழமை வராதவர்கள் பதினேழு பேர்.
பட்டியலை நாலாய் மடித்து
ஸ்கூட்டி இருக்கைக்குக் கீழே
மழைச்சட்டைக்குள் வைத்திருக்கிறேன்.
தை கடைசி. அரிவி வெட்டு நேரம்.
இந்த மாதத்தில் யாரும் வருத்தக்காரராய் இருப்பதில்லை.

மரியசீலி அக்கா படலை திறக்கவில்லை.
பிறகு திறந்து சொன்னா:
"சொட்டு மருந்து விட்டால்
பின்னேரம் வரைக்கும் எல்லாம் வெள்ளை வெளேரெண்டு கூசுது.
போனமுறை துணுக்காய் பஸ் எண்டு ஏறி
மாங்குளத்தில போய் இறங்கினனான்."
நான் சிரித்துவிட்டேன். அவ சிரிக்கவில்லை.
கூட்டிவர ஆளில்லை என்பதை
ஒரு பஸ் கதையாய்ச் சொல்லியிருக்கிறா.
எனக்கு விளங்கப் பிந்திவிட்டது.
அவ பெயருக்கு எதிரே எழுதினேன்:
நானே ஏற்றி இறக்குவது.

தெய்வேந்திரம் வீட்டில் நாய் மட்டும்.

குணநேசன் அண்ணை வயலில்,
சுனாமி மெசினுக்கு மேலே.
"பன்ரண்டு வருசச் சீனி. தெரியும் மிஸ்.
ஆனால் கண்ணில ஒண்டுமில்லை.
அந்தா, குளக்கட்டில நிக்கிற மாட்டை
எண்ணிச் சொல்லட்டோ?"
எண்ணினார். ஆறு. சரிதான்.

நோவில்லை, சிவப்பில்லை, பீளையில்லை.
விழித்திரையில் நூலிலும் மெல்லிய குழாய்கள்
கசியும்போது சத்தம் வராது.
கிளினிக்கில் நூறுதரம் சொல்லியிருக்கிறேன்.
மெசின் இரைச்சலில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை.

"அண்ணை, இடது கண்ணைப் பொத்துங்கோ.
விரலால இல்லை, உள்ளங்கையால.
இப்ப வரம்பைப் பாருங்கோ."

பொத்தினார்.
கையை எடுத்தார்.
மறுபடி பொத்தினார்.
மெசினை நிப்பாட்டினார்.

வெட்டிய பாதியில்
உண்ணிக்கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"வரம்பு வளையுது," என்றார்.
அவரே நூல் பிடித்துக் கட்டிய வரம்பு.
"அந்தப் பாலை மரத்தின்ர நடுவில
ஆரோ பெருவிரலால அழுத்தித் தேச்ச மாதிரிக் கிடக்கு."
ஒரு கண் தொலைத்ததை மற்றக் கண்
இவ்வளவு நாளும் இட்டு நிரப்பியிருக்கிறது,
அவருக்கும் சொல்லாமல்.

"திரும்பி வருமோ?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான்
ஒவ்வொரு படலையிலும் ஹோர்ன் அடிக்கிறேன்.
பொய் சொல்லலாம். வெட்டவெளி, யார் கேட்கப்போகினம்.
"போனதில கொஞ்சம் வரலாம், வராமலும் விடலாம்.
மிச்சத்தைப் பிடிச்சு வைக்கலாம்.
ஊசி இருக்கு, லேசர் இருக்கு.
வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ எழுதித் தருவினம்.
மற்றக் கண்ணுக்கு நேரம் இருக்கு, அண்ணை."
மற்றக் கண் என்றதும்
உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்,
சோதிக்க அல்ல.

போன வருசம் இதே பட்டியலில்
அருள்மலர் என்றொரு பெயர் இருந்தது.
பாலிநகர். தையல்.
மூன்று தரம் போன் எடுத்தேன், நேரில் போகவில்லை.
மழை என்று எழுதிவைத்தேன்.
மழையும்தான், களைப்பும்தான்.
இப்போது நாக்கு நுனியால் ஊசிக்காதைத் தேடி
நூல் கோக்கிறா.
என்னைக் குரலில் அடையாளம் பிடித்து
"இருங்கோ மிஸ், தேத்தண்ணி போடுறன்" என்பா.
ஒருநாளும் என்னைப் பேசியதில்லை.
பேசியிருக்கலாம்.

"நாளைக்கு மூண்டு ஏக்கர் கிடக்கு.
நாளையிண்டைக்கு வாறன்."
"நாளையிண்டைக்குக் கிளினிக் இல்லை அண்ணை.
புதன், எட்டு மணி. ஆளோட வாங்கோ.
மோட்டச்சைக்கிள் ஓடிக்கொண்டு வராதேங்கோ."
கிறீஸ் பிரண்ட விரலால்
மெசின் தகரத்தில் 'புதன்' என்று எழுதினார்.
எழுத்து ஒவ்வொன்றும் தேங்காய் அளவு.

நாய் மட்டும் இருந்த வீட்டோடு சேர்த்து
இன்னும் பதினைந்து பேர்.
ஐயன்கன்குளம் பக்கம் தார் இல்லை,
இருட்ட முதல் போகவேணும்.
ஸ்கூட்டியைத் திருப்பும்போது
மெசின் மறுபடி உறுமியது.
வரம்போடு ஒட்ட வெட்டுகிறவர்
இன்று ஒரு முழ நெல்லை
வரம்பு நீளத்துக்கும் விட்டுவிட்டு
மெல்ல வெட்டிக்கொண்டு போனார்.