இரண்டு ஏழாம் தேதிகள்

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான்
கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும்.
தொண்ணூற்றிரண்டு மார்ச்சில் அதோடு
இன்னொரு சட்டமும் சேர்ந்துகொண்டது:
டெட்டால் போட்டுக் கையைக் கழுவு.
வைரஸ் வந்திருக்கிறதாம்.

தண்டையார்பேட்டை கன்டெய்னர் யார்டில்
குளிர் இருந்த அறை அது ஒன்றுதான்.
வெளியே சாலை முழுக்க லாரி,
காசிமேட்டுக் காற்றில் மீனும் டீசலும்.
உள்ளே உறை போர்த்திய ஒரே ஒரு மெஷின்,
அதன் முன்னால் நான்,
நாற்பத்து மூன்று பேரின் நாள்கூலி.

ஃப்ளாப்பியில் வரும் என்றான் சர்வீஸ் பையன் இதயதுல்லா.
செங்கல் உடைக்கும் விளையாட்டை
ஃப்ளாப்பியில் கொண்டுவந்து போட்டுத் தந்ததும் அவன்தான்.
மார்ச் ஆறு, வெள்ளிக்கிழமை, மெஷினைத் திறந்தால்
எல்லாம் அழிந்துவிடும்.
எந்த நாட்டிலோ ஒரு சிற்பியின் பிறந்தநாளாம்.
கல் கொத்தியவருக்கும்
எங்கள் கூலிக் கணக்குக்கும் என்ன பகை?

"மருந்துக்கு ரெண்டாயிரம் கேக்குறான்.
ஆறாம் தேதின்னு ஒண்ணு வந்தாத்தானே?
வராம பண்ணு" என்றார் வேதமாணிக்கம் சார்.

வியாழன் சாயங்காலம் கடிகாரத்தை
ஒரு நாள் முன்னே தள்ளி அணைத்தேன்.
வெள்ளி காலை திறந்தபோது அது
பச்சை எழுத்தில், கூசாமல், ஏழு என்றது.
அந்த நாள் கூலியை ஏழிலேயே பதிந்தேன்.
வைரஸ் ஏமாந்ததா,
உள்ளே இல்லவே இல்லையா,
இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை மறுபடி ஏழு.
நூக்கய்யா பெயரை அடித்தேன்.
இந்தத் தேதிக்கு ஏற்கெனவே பதிவு உள்ளது. பீப்.
அடுத்த பெயர். பீப்.
ஒரே ஆள் ஒரே நாளில்
இரண்டு தரம் கூலி வாங்கிவிடக் கூடாதென்று
யாரோ கவனமாகப் போட்ட பூட்டு அது.
நாற்பத்து மூன்று தரம் பூட்டிக்கொண்டது.

திங்கள் காலை ஜன்னலில் நூக்கய்யா.
விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை.
"தேதிய நீ முழுங்கிட்ட, சர்தான்.
நான் எறக்குன மூட்டைய இன்னா பண்றது?
திரும்ப லாரில ஏத்திடட்டா?"

முடிந்த நாளுக்குப் பதிய மேலாளர் கடவுச்சொல் வேண்டும்.
அது அவர் மூத்த மகள் பெயர் என்பது
யார்டு நாய்க்கும் தெரியும்.
போதாததற்கு, கீபோர்டுக்கு அடியில்
பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியும் இருந்தது.
சார் டீ குடிக்கப் போயிருந்தார்.
செருப்பைக் கழற்றினேன்.
கையைக்கூடக் கழுவினேன்.
சுகிர்தா.
திரையில் எட்டு நட்சத்திரங்கள்.

ஞாயிறு, எட்டாம் தேதி,
யார்டு பூட்டிக் கிடந்த நாள்.
நாற்பத்து மூன்று பேரையும்
அன்றைக்கு வேலைக்கு அனுப்பினேன்.
ஞாயிறென்றால் ஒன்றரைக் கூலி என்பது
ப்ரோக்ராமுக்கு ஞாபகம் இருந்தது.
எனக்கு இல்லை. சத்தியமாக.

பிரிண்டர் இழுத்து இழுத்துத் துப்பிய தாளை
மடிப்பு மடிப்பாகப் பார்த்தார் சார்.
என்னைப் பார்த்தார்.
ஜன்னல் வழியே யார்டைப் பார்த்தார்,
நேற்றின் பூட்டு
இன்னும் தொங்குகிறதா என்பதுபோல.
பேனாவைத் திறந்து
கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள்.
கீபோர்டைத் தூக்கிப் பார்த்தேன்.
புதுப் பிளாஸ்திரி.
இரண்டாவது மகள்.