சத்தம் கூட்டியும்

மார்கழி பதினாறு. நாலே முக்கால்.
சிட்டம்பட்டி டோல்கேட், மூன்றாவது லேன்.
ஆனைமலையைக் காணோம்.
நேற்றுவரை அது படுத்திருந்த இடத்தில்
வெள்ளையாய் ஒன்றுமில்லை.

பனியில் ஸ்கேனர் எதையும் படிக்கவில்லை.
கைமெஷினோடு கூண்டைவிட்டு இறங்கினேன்.
மப்ளர் மூக்குவரை.
ஜெசிந்தா என்று
பேட்ஜ் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆப்பிள் லாரி. காஷ்மீர் நம்பர்.
மாட்டுத்தாவணிக்கு இன்னும் அரைமணி.
டிரைவர் கண்ணாடியை இறக்கி
வெளியே கைநீட்டி
எங்கள் பனியைத் தொட்டுப்பார்த்துச் சிரித்தார்,
அடுத்த வீட்டுப் பிள்ளையின்
கன்னத்தைக் கிள்ளுகிறவர்போல.

பிறகு செல்போனைத் திருப்பிக் காட்டினார்.
அவர் வீட்டு வாசல்.
வானம் கொஞ்சங்கொஞ்சமாய்ப் பிய்ந்து
விழுந்துகொண்டே இருக்கிறது.
சைக்கிள் ஒன்று மூழ்கிவிட்டது,
மணி மட்டும் வெளியே.
ஒரு சிறுமி நாக்கை நீட்டி நிற்கிறாள்.

சத்தத்தைக் கூட்டச் சொன்னேன், சைகையில்.
பொத்தானை அழுத்திக் காட்டினார்:
முழுசாக வைத்துத்தான் இருக்கிறது.

எங்கள் தகரத்தில்
வேப்பம்பூ விழுந்தாலும் கேட்கும்.
அங்கே இவ்வளவு விழுகிறது.

பின்னால் மேலூர் பஸ் ஹாரன் அடித்தது.
மெஷின் பீப் என்றது.
லாரியின் இரண்டு சிவப்பு விளக்கும்
பத்தடியில் கரைந்துபோயின.

அதற்கும் இதற்கும்
எங்கள் பாஷையில் ஒரே பேர்தான், பனி.
அவரிடம் சொல்லியிருக்கலாம்.
இந்தி தெரியாது.

ஏழு மணிக்கு ஆனைமலை வந்துவிட்டது,
முதலில் தும்பிக்கை.
ஷிப்ட் முடிந்து
ஸ்கூட்டி சீட்டைத் துடைக்கப் போனவள்
துடைக்கவில்லை.
யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துவிட்டு
அந்த ஈரத்தின்மேல்
காதை வைத்தேன்.