அறவாழியின் சர்க்கரை

சிப்காட்டில் சாயம் காய்ச்சுகிற கம்பெனி எங்களுடையது.
எங்களுடையது என்று வாயில் வந்துவிட்டது.
நான் கான்ட்ராக்ட். டீ போடுகிறவள்.

பகலுக்கு அறுபது டம்ளர், இரவுக்கு நாற்பது.
யாருக்கு எத்தனை கரண்டி என்பது
ஆபீஸ் பீரோவில் இல்லாத கோப்பு.
லேப் சம்பந்தத்துக்கு மூன்று.
சூப்பர்வைசருக்கு அரைதான், ஆனால் வடை இரண்டு.
சம்பளம் தள்ளிப்போன வாரம்
எல்லாருக்குமே ஒன்று கூட.

மாசியில் முகாம் போட்டார்கள்.
கேன்டீன் மேசைக்கு வெள்ளைத் துணி,
சுவரில் காய்கறிப் படம்;
அதில் பாதிக் காய் கடலூர் சந்தைக்கு வந்ததே இல்லை.
அமலோற்பவம் சிஸ்டர் பெயரை வாசிக்க
வரிசையாக விரல் நீட்டினார்கள்.
ரியாக்டர் நூற்றெண்பது டிகிரியில் உறுமும்போது
பக்கத்தில் நின்று பீடிக்கதை பேசுகிறவர்கள்
ஊசி முனைக்குக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மத்தியானம் லிஸ்ட் முடிந்தது.
மூட்டை ஏற்றுகிறவர்கள் அதில் இல்லை,
பெருக்குகிறவர்கள் இல்லை, நான் இல்லை.
தப்பென்று அப்போது தோன்றவில்லை.
தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் லிஸ்டிலும் நாங்கள் இல்லையே.
இனிப்புக்கு இல்லாதவள்
இனிப்பு நோய்க்கு மட்டும் எப்படி?

டம்ளர் பொறுக்கப் போனபோது
சிஸ்டர் என் காலைப் பார்த்தார்.
"எப்போ பட்டது?"
"மார்கழியில. வெந்நீர்."
"ராத்திரி எத்தனை தடவை எழுந்துக்கறே?"
எண்ணியதில்லை.
நான் எண்ணுவது அடுத்தவர் கரண்டியைத்தான்.

ஒரு ஸ்ட்ரிப் மிச்சமிருந்தது.
அறவாழி, பாய்லர் செக்‌ஷன், லீவு;
தங்கை கல்யாணத்துக்கு விருத்தாசலம் போயிருந்தான்.
அவன் பெயருக்கு எதிரே என் ரத்தம்
முந்நூற்றுப் பன்னிரண்டு என்று போய் உட்கார்ந்தது.

திரும்பி வந்தவனை மேனேஜர் அழைத்து
அரைமணி நேரம் அன்பாகப் பேசினாராம்.
சோற்றைக் குறை, கவலையைக் குறை, மாத்திரை இலவசம்,
ஷிஃப்ட் நடுவே பத்து நிமிட நடைக்கு அனுமதி.
ஒட்டடைக்கம்பு மாதிரி இருப்பான்.
"அக்கா, எனக்குச் சக்கரையாம்."
நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.
கழுவிய டம்ளரையே மறுபடி.
மூன்றாம் தடவை அவனுக்குப் புரிந்துவிட்டது,
எப்படி என்று இன்றுவரை கேட்கவில்லை.

மாதம் பிறந்தால்
டீத்தூள் டப்பாவின் பின்னால் மாத்திரை அட்டை இருக்கும்.
அவனுக்குத் தருகிற சுண்டல் காகிதத்தில் மடித்து வரும்.
பத்து நிமிடம் அவன் அடுப்பைப் பார்த்துக்கொள்வான்,
நான் உப்பனாற்றுப் பக்க மதில் வரை நடப்பேன்.
அங்கே காற்றில் என்னென்னவோ வாடை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஆரோக்கியமாக நடப்பேன்.

இன்னொன்றும் செய்தேன், யாரையும் கேட்காமல்.
வாரத்துக்குக் கால் கரண்டி, எல்லாருக்கும் குறைத்தேன்.
சம்பந்தம் ஒருவர்தான் கண்டுபிடித்தார்.
திட்டினார்.
குடித்தார்.

ஆண்டு விழா மேடையில் அறவாழிக்குச் சால்வை.
முந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்று நாற்பது,
இவரைப் பாருங்கள் என்றார்கள்.
டிரேயை அக்குளில் இடுக்கிக்கொண்டு
நானும் கை தட்டினேன்.
பரிசாகத் தந்த கடிகாரம் என் வீட்டில் ஓடுகிறது,
ஐந்து நிமிஷம் பிந்தி.
புண் ஆறிவிட்டது. தோல் மட்டும் அங்கே வேறு நிறம்.

இந்த வருஷ லிஸ்டை நேற்று சிஸ்டர் காட்டினார்.
அச்சடித்த பெயர்களுக்குக் கீழே, பால்பென்னில்,
தில்லைநாயகி, டீ.
அதற்கும் கீழே பதினோரு பேர்,
லோடு, பெருக்கல், தோட்டம்.
"மேலே அனுப்பியிருக்கேன். கையெழுத்து வரணும்."

வரட்டும்.
அதுவரை நான் அறவாழி,
பாய்லர் செக்‌ஷன், வயது முப்பத்தொன்று.
வெறும் வயிற்றில் வந்து
கதவோரம் நின்று
விரலை நீட்டுகிறேன்.