திரும்பியவை கழிக்கப்படும்

ஷெவ்ரியே ஊருக்கு மேலே
அறுத்து முடிந்த சோளக்காட்டின் ஓரம்
மூன்று மடக்கு நாற்காலிகள்.
எதிரே, மலை பிளந்து
ரோன் ஆற்றுக்கு வழிவிட்ட இடம்.
ஜெனீவாப் பக்கத்து வானம் தெற்கே போவதென்றால்
பெரும்பாலும் இந்தக் கதவால்தான்.

அக்டோபர் ஒன்பது. காலை ஏழேகால்.
வாடை காதுமடலைத் திருகுகிறது.

வாரநாள் இரவுகளில் நான்
பேரங்காடியில் கையிருப்பு எண்ணுபவள்:
தயிர்க்கோப்பை, பல்தூரிகை, பூனைத்தீனி.
அவை பறக்காது, அதுதான் வித்தியாசம் என்றேன்.
குளோதில்த் சிரிக்கவில்லை.
முப்பத்தோராண்டு ரயில் சிக்னல் அறையில் இருந்தவள்,
கடந்துபோகிற எதையும் கேலிசெய்யமாட்டாள்.

அவளுடைய விதிகள்:
மேகத்தின் விளிம்பில் தேடு, வெறும் நீலத்தில் கண் வழுக்கும்.
கழுகு என்று கத்துமுன் கண்ணாடியில் ஈயா பார்.
ஒன்றும் வராத மணிக்குப் பூஜ்யம் எழுது.
பூஜ்யம் என்றால் பார்த்தோம், இல்லை.
வெற்றிடம் என்றால்
பார்க்கவேயில்லை.

பத்தரைக்குப் பனி கிழிந்தது.
முதலில் ஒரு தூசி.
தூசிக்கு வால் முளைத்து
வால் இரண்டாகக் கிளைத்தது.
மிலான் ருவாயால் என்றான் ரெமி, அரச பருந்து.
என் வாயில் வந்ததோ செம்பருந்து.
அந்தப் பெயரை வெண்தலைக்காரன் ஒருவனுக்கு
ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று.
கோயில் வானத்தில் அவன் வட்டமிட்டால்
கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.
இதற்கு யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை,
எண்ணிக்கொள்கிறார்கள்.

நண்பகலில் சூடேறிய சரிவின்மேல்
நாற்பது, ஐம்பது,
யாரோ அகப்பையால் துழாவுவதுபோல்
சுற்றிச் சுற்றி மேலேறின.
சுற்றும்போது எண்ணாதே.
உச்சியில் ஒவ்வொன்றாகக் கழன்று
சறுக்குமே, அப்போது எண்ணு.
பொறியின் பொத்தான் என் பெருவிரலில் குழி பறித்தது.
டிக். டிக்டிக். டிக்.

மூன்று மணிக்கு ஆற்றின்மேல் தனியாக ஒன்று,
சிறகை மணிக்கட்டில் மடக்கியபடி.
விராலடிப்பான்! என்று தமிழில் கத்திவிட்டேன்.
வீரா... என்ன? என்றாள் குளோதில்த்,
கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே.
இந்த ஆற்றில் விரால் கிடையாது.
பறவை அதைப் பொருட்படுத்தவில்லை,
பெயரும்தான்.

பிறகு அது நடந்தது.
கதவைத் தாண்டி மறைந்துவிட்ட பருந்து ஒன்று
காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு
திரும்பி வந்தது.
வலச்சிறகில் ஓர் இறகு இல்லை, அதனால் தெரிந்தது.
ஒன்று கழி என்றான் ரெமி.

பொறி முன்னே மட்டும்தான் போகும்.
பின்னே போக வழியில்லை,
ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குத்தான் போகலாம்.
அதனால் குறிப்பேட்டில் தனியாக ஒரு கட்டம்,
அதில் என் கையால் ஒரு கோடு.
ஏன் திரும்பியது என்பதற்குக் கட்டம் இல்லை.
பசியா, மழையா,
எதையாவது அணைக்காமல் வந்துவிட்டதா.

ஐந்தே முக்காலுக்கு அது சரிவில்
ஒரு பைன் மரத்தில் உட்கார்ந்தது.
அந்தப் பக்கமுமில்லை, இந்தப் பக்கமுமில்லை.
இதை எப்படி எழுத?
நாளை வருகிறவர் பார்த்துக்கொள்வார்,
குளோதில்த் நாற்காலியை மடித்தாள்.
இன்றைய பருந்து: இருநூற்றுப் பன்னிரண்டு, கழித்தல் ஒன்று.

எல்லைவரை அவள் கார், பிறகு பேருந்து.
சுங்கச்சாவடியில் விளக்கு எரிந்தது, ஆள் இல்லை.

வீட்டில் கோட்டைக் கழற்றும்போதுதான்
பொறி என் பையிலேயே இருப்பது தெரிந்தது.
217 என்று காட்டியது.
எந்தக் குலுக்கலில் என்று தெரியவில்லை,
ஐந்து
என்னோடு வந்திருக்கின்றன.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

திசை: வடகிழக்கு.
விதிப்படி கழிக்க வேண்டும்.
பொறியை மேசையில் வைத்துவிட்டு
உலை வைத்தேன்.