ஏகமனதாக

பதினொரு வருஷமாக நான்தான் எழுதுகிறேன்
வீரவநல்லூர் சிறுநீரக அறக்கட்டளையின்
கூட்டக் குறிப்பேட்டை.
நீல அட்டை, சிவப்பு முதுகு.
இது மூன்றாவது நோட்டு.
சம்பளம் கிடையாது. ஒரு காப்பி, ஒரு வடை,
மழை பெய்தால் ஆட்டோ காசு.

ஒரு வசதி உண்டு.
முந்தின இரவே முக்கால் பக்கத்தை முடித்துவிடலாம்.
‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.’
பேனா அந்த இடத்துக்கு வந்ததும் தானே வழுக்கும்,
பாசி பிடித்த படித்துறையில் கால் போவது மாதிரி.

தலைவர் பிரமநாயகம் கெட்டவர் இல்லை.
இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.
இடம் அவர் கொடுத்தது.
ஆறு மெஷினில் இரண்டு அவர் மனைவி பெயரில் ஓடுகிறது.
அந்த அம்மாள் வாரம் மூன்று தடவை
மதுரைக்குப் போவதும் வருவதுமாக இருந்து
ஒருநாள் கயத்தாறு தாண்டவில்லை.
ஆகவே அவர் வாயைத் திறந்தால்
நாங்கள் எட்டுப் பேரும் தலையாட்டுவோம்.
துக்கத்தை எப்படிக் குறுக்கே மறிப்பது?

பொருளாளர் ஞானதிரவியம் பேங்கில் ஓய்வு பெற்றவர்.
வெற்றுக் காசோலைகளில்
ஒரே மூச்சில் ஒரு புத்தகம் முழுக்கக்
கையெழுத்திட்டுத் தருவார்:
“மக வீட்டுக்குப் போறேம்லா.”
மைதீன் பிச்சை வரவு செலவைத்
தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ‘சரி’ என்பார்.
கண்ணாடி வீட்டில் இருக்கும்.

ஆடியில் நடந்த கூட்டம். மூன்றாம் பொருள், தண்ணீர்.
ஒருவர் ரத்தத்தை ஒருமுறை கழுவ
நூற்றிருபது லிட்டர் வேண்டும்,
உப்பின் வாசம்கூட இல்லாமல்.
பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது, அது ஆகாது.
பழைய சுத்திகரிப்பு இயந்திரம் இரும ஆரம்பித்திருந்தது.
புதிதுக்கு மூன்று விலைப்புள்ளிகள்.
குறைந்தது தலைவரின் மருமகனுடையது.
பதினான்கு லட்சம்.
நான் மூடியைத் திருகிப் பேனாவைத் தயாராக்கினேன்.

ஆவுடையம்மாள் குழுவுக்குப் புதுசு.
நோயாளிகள் தரப்பில் ஒருத்தர் இருக்கட்டும் என்று
போட்டோவுக்காகச் சேர்த்தது.
புருஷன் நாலாம் நம்பர் மெஷின்.
சேரன்மகாதேவி அச்சகத்தில்
கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை பார்க்கிறவள்.

“மூணு கம்பெனி, மூணு லெட்டர்பேடு.
மூணுலயும் ‘சுத்திகறிப்பு’ன்னு இருக்கு.
வல்லின ற.
ஒரே கைதான் அடிச்சிருக்கு, அண்ணாச்சி.”

மின்விசிறி மட்டும் வழிமொழிந்தது.

“எம் பொண்டாட்டி செத்த நோவுல
நான் காசு பாப்பனா, தாயி?”

“நீங்க பாத்தியன்னு சொல்லல.
நாங்க பாக்கலன்னு சொல்லுதேன்.”

அவர் துண்டை உதறினார்.
“மருமகன் விஷயம். நான் வெளிய இருக்கேன்.
பேசி முடிங்க.”
போய் நோயாளிகளின் பிளாஸ்டிக் நாற்காலிகளில்
ஒன்றில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் இல்லாமல் பேச எங்களுக்குத் தெரியவில்லை.
எல்லார் கண்ணும் அந்தக் காலி நாற்காலியிடம்
அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தது.
பிறகு மைதீன் பிச்சை
என் கண்ணாடியை இரவல் வாங்கினார்.
ஞானதிரவியம் தன் காசோலைப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.
சத்தம் வந்தது, மேசை குத்துப்பட்டது,
ஒருவர் வடையைத் தொடவே இல்லை.

புதிதாக விலை கேட்பது. மூன்று வாரம்.
ஆதரவு ஐந்து, எதிர்ப்பு மூன்று.
‘ஏகமனதாக’வை அடித்தேன்.
அடித்த வார்த்தைக்கு மேல் எண்களை எழுத
இடம் போதவில்லை.

ஒன்பதாம் நாள் பழைய இயந்திரம் நின்றது.
விடியற்காலை பஸ்ஸில்
பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் போனார்கள் பதினேழு பேர்.
நாலாம் நம்பர் ஜன்னலோரம்,
மடியில் பாலிதீன் பையோடு.
ஆவுடையம்மாள் பக்கத்தில்.
சரியான முடிவுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.
அதை எந்தப் பொருளின்கீழ் எழுதுவது?

அடுத்த கூட்டம்.
வழக்கமாக அரை நிமிஷத்தில் தீரும் பழைய குறிப்பை
ஒன்பது நிமிஷம் வாசித்தேன்.
யாரும் செல்போனைப் பார்க்கவில்லை.
ஆவுடையம்மாள் கண்ணை மூடியிருந்தாள்,
தூங்குகிறாளோ என்றுகூட நினைத்தேன்.
முடித்ததும் தலைவர் கையை நீட்டி
நோட்டை வாங்கினார்.

“நான் வெளிய இருந்தது
பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கீரு.
நாப்பது. திருத்தும்.”

திருத்தினேன்.
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.